முதல் கியரிலேயே 100... அப்புறம் எதுக்கு ஆறு கியர்? ஒரகடம் ரூட்டில் இத்தாலிய பைக் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

காலை ஷிஃப்ட் நேரத்தில் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஜி.எஸ்.டி சாலையிலிருந்து ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், கார்களை அடுக்கிய டிரெய்லர்கள், நடுவில் புகுந்து புறப்படும் ஷேர் ஆட்டோக்கள். பாடலாத்ரி நரசிம்மரைக் கும்பிட வந்தவர்கள் சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் ஆகும்.

அந்த நெரிசலில் எப்போதாவது ஒரு சிவப்பு நிற டுகாட்டியோ, கறுப்பு அப்ரில்லாவோ வந்து நின்றால் போதும். பக்கத்தில் நிற்கும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். "அண்ணே, என்ன விலை?", "எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?"

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "இதை எப்படிப் பராமரிக்கிறீங்க, எங்கே ஓட்டுறீங்க?" பைக்கின் ஆயுளும், ஓட்டுபவரின் ஆயுளும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கின்றன.

இத்தாலி நமக்குப் புதுசு இல்லை!

'இத்தாலிய வண்டியா? நமக்கு எட்டாத விஷயம்' என்று நினைக்க வேண்டாம். 1960-களில் பஜாஜ் நிறுவனம் இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கித்தான் வெஸ்பா ஸ்கூட்டர்களைத் தயாரித்தது. உங்கள் தாத்தா ஓட்டிய ஸ்கூட்டரின் பூர்வீகம் இத்தாலியாகவே இருக்கலாம்.

அவ்வளவு ஏன், நம் ஊர்களில் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஓடும் 'ஆப்பே' ஆட்டோவும் பியாஜியோவின் வண்டிதான். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி, ஆப்பே என்றால் தேனீ. அதே பியாஜியோ 2004-ல் அப்ரில்லா நிறுவனத்தை வாங்கியது. இன்று இந்தியாவில் விற்கும் அப்ரில்லா ஆர்.எஸ் 457 ஸ்போர்ட்ஸ் பைக், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகிறது. ஆப்பே ஆட்டோவின் ஊரும் அதே பாராமதிதான்!

ஒரகடம் பக்கத்து ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு 650 சிசி பைக்குகளில் 'பைப்ரே' என்று எழுதிய பிரேக் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது, டுகாட்டிக்கு பிரேக் செய்து தரும் இத்தாலியின் பிரெம்போ நிறுவனத்துடைய இன்னொரு பிராண்டு. 'பை பிரெம்போ' என்பதன் சுருக்கமே பைப்ரே.

பனிகாலே என்பது ஓர் ஊர்ப் பெயர்

டுகாட்டி 1926-ல் போலோன்யா நகரில் தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் செய்தது பைக் அல்ல, ரேடியோ பாகங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான், சைக்கிளில் மாட்டும் 'குச்சோலோ' என்ற குட்டி இன்ஜின் மூலம் வண்டித் தொழிலுக்குள் வந்தது.

அந்த ஆலை இருக்கும் புறநகர்ப் பகுதியின் பெயர் போர்கோ பனிகாலே. டுகாட்டியின் உச்ச மாடலுக்கு 'பனிகாலே' என்ற பெயர் வந்தது அங்கிருந்துதான். நம் ஊரில் செய்த ஒரு பைக்குக்கு 'ஒரகடம்' என்று பெயர் வைத்தது மாதிரி!

ஒப்பீடு இதோடு நிற்கவில்லை. போலோன்யாவைச் சுற்றித்தான் ஃபெராரி, லம்போர்கினி, மஸராட்டி ஆலைகளும் இருக்கின்றன. அந்த வட்டாரத்தை 'மோட்டார் பள்ளத்தாக்கு' என்றே அழைக்கிறார்கள். இங்கே மறைமலை நகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று பி.எம்.டபிள்யூ, ரெனோ, ராயல் என்ஃபீல்டு, யமஹா, ஹூண்டாய் வரிசை கட்டி நிற்பதைப் போலத்தான்.

வண்டி செய்கிற மண்ணில் வண்டிப் பைத்தியமும் சேர்ந்தே வளரும். அது அங்கேயும் உண்மை, இங்கேயும் உண்மை.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

அப்ரில்லா ஆர்.எஸ் 457 இங்கே அறிமுகமானபோது எக்ஸ்-ஷோரூம் விலை 4.10 லட்சம் ரூபாய். 2025-ல் வந்த டுகாட்டி பனிகாலே வி4-ன் ஆரம்ப விலை 29.99 லட்சம். இரண்டுமே இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக்தான். ஆனால், இரண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு மனையே இருக்கிறது!

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 40 சதவிகிதம். முழுதாக இறக்குமதியாகும் பைக்குக்கு சுங்க வரி தனி. அதன் மேல் சாலை வரி, இன்ஷூரன்ஸ். 350 சிசி-க்கு மேற்பட்ட பைக்குக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஆண்டுக்கு 2,804 ரூபாய்தான். ஆனால், சொந்த சேதத்துக்கான பிரீமியம் வண்டியின் மதிப்பைப் பொறுத்து ஏறும். 'பைக்கைச் சாய்த்துவிட்டேன்' என்று ஒரு நாள் சொல்ல நேர்ந்தால், உடைந்த ஃபேரிங் பேனலின் விலை சாதாரண பைக் ஒன்றின் விலையை நினைவுபடுத்தும். எனவே, தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிளட்ச் லீவர், பிரேக் பேடு, செயின் ஸ்பிராக்கெட், டயர் என எதை மாற்றினாலும் செலவு பல மடங்கு. மாதத் தவணை கட்ட முடியுமா என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். தவணை கட்டிய பிறகும் ஆண்டுக்கு ஒரு பெரிய தொகையைப் பராமரிப்புக்கு ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முதல் மூன்று ஆண்டு சர்வீஸ் செலவை ஷோரூமில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, பிறகு முன்பணம் கட்டுங்கள்.

ஸ்பிரிங் இல்லாத வால்வு... அதென்ன 'டெஸ்மோ'?

டுகாட்டி என்றாலே பேச்சில் வரும் வார்த்தை, டெஸ்மோ. எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு கதவு, புகை வெளியேற ஒரு கதவு. இவைதான் வால்வுகள். சாதாரண இன்ஜினில் கேம் என்ற பாகம் வால்வைத் தள்ளித் திறக்கும். ஸ்பிரிங் அதை மூடும். கடைக் கதவில் ஸ்பிரிங் மாட்டியிருப்பார்களே, அதே மாதிரி.

12,000 ஆர்.பி.எம்-ல் ஒரு வால்வு, விநாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஆட்கள் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கடைக் கதவு முழுதாக மூட நேரம் கிடைக்காதில்லையா? அந்தக் காலத்து ஸ்பிரிங்குகளும் அதிவேகத்தில் அப்படித்தான் திணறின. டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி 1956-ல் தன் ரேஸ் பைக்கில் இதற்கு ஒரு வழி செய்தார். திறப்பதற்கு ஒரு கை, இழுத்து மூடுவதற்கு இன்னொரு கை. இதற்குப் பெயர்தான் டெஸ்மோட்ரோமிக். 1968-ல் இது சாலை பைக்குகளுக்கும் வந்தது.

அதற்கான விலையை சர்வீஸில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வால்விலும் திறக்கும் பக்கம், மூடும் பக்கம் என்று இரண்டு இடைவெளிகளை அளக்க வேண்டும். இரட்டை சிலிண்டர் பைக்கில் 8 வால்வு என்றால் 16 அளவுகள். பனிகாலே வி4-ல் 16 வால்வு, 32 அளவுகள். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் 'ஷிம்' மாற்றுவார்கள். பனிகாலேவில் இதை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்ய வேண்டும். வேலையும் நேரமும் அதிகம், அதனால்தான் பில்லும் அதிகம்.

டுகாட்டியே இப்போது எல்லா மாடலிலும் டெஸ்மோவை வைப்பதில்லை. மல்ட்டிஸ்ட்ராடா வி4-ல் ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. அதில் வால்வு சோதனை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான். ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டுமா, தூரப் பயணத்துக்கு பைக் வேண்டுமா என்று முடிவெடுக்கும்போது இந்த எண்ணையும் பாருங்கள்.

பழைய டுகாட்டி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல மாடல்களில் கேமைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். பைக் ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜினே காலி. 'மீட்டரில் 6,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு' என்று விற்பவர் சொன்னால், 'பெல்ட் மாற்றி எத்தனை வருஷம் ஆச்சு?' என்று கேளுங்கள்.

ஆலையில் கற்றதை வீட்டிலும் செய்யுங்கள்

ஒரகடம் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 'பிரிவென்ட்டிவ் மெயின்டனன்ஸ்' என்ற வார்த்தை அத்துப்படி. மெஷின் நின்ற பிறகு ஸ்பேனரைத் தூக்குவது இல்லை. தேதி குறித்து, செக் ஷீட் போட்டு, நிற்பதற்கு முன்பே பார்ப்பது. இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக்கும் அந்த வகை மெஷின்தான். 'ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற வீட்டு ஸ்கூட்டர் பழக்கம் இதற்குச் சரிவராது. கம்பெனி லைனில் நீங்கள் நிரப்பும் அதே செக் ஷீட்டை வீட்டு பார்க்கிங்கிலும் ஒட்டிவையுங்கள்.

*செயின்:* 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் சுத்தம் செய்து லூப் அடிக்க வேண்டும். லாரிப் புழுதியிலும் மழையிலும் ஓடினால் இன்னும் சீக்கிரம். ஓட்டி முடித்து செயின் சூடாக இருக்கும்போது லூப் அடித்தால் உள்ளே நன்றாக இறங்கும். பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு செயின் துடைக்கவே கூடாது. விரல் போய்விடும்.

*டயர்:* காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சில பி.எஸ்.ஐ குறைந்தாலே வளைவில் பைக்கின் குணம் மாறிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் கெட்டியாகி, ஈரத்தில் பிடிமானம் தராது. பிடிமானம் அதிகமான மென்மையான டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிடும். அது குறையல்ல, அதன் இயல்பு.

*பிரேக் ஆயில்:* காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் இதற்கு உண்டு. நம் கடலோரக் காற்றைச் சொல்லவே வேண்டாம். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால், பிரேக் லீவர் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

*இன்ஜின் ஆயில்:* குறைந்த தூரமே ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஸ்டார்ட் செய்ததும் முறுக்காமல், முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்.

*பேட்டரி:* வார இறுதியில் மட்டும் எடுக்கும் பைக் என்றால், சாவி எடுத்த பிறகும் அலாரமும் எலெக்ட்ரானிக்ஸும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பேட்டரி டெண்டர் சார்ஜர் ஒன்று வாங்கி மாட்டிவையுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

*பெட்ரோல்:* இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோலோடு பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். சில பழைய டுகாட்டி மாடல்களின் பிளாஸ்டிக் டேங்க் எத்தனாலால் உப்பிப்போன விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. பழைய பைக் வாங்கினால் டேங்கின் வடிவத்தையும் உற்றுப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால்?

மகேந்திரா சிட்டி முதல் கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி சாலை நெரிசலில் மே மாதம் ஊர்ந்து போனவர்களுக்கு இது புரியும். டுகாட்டியின் பின் சிலிண்டர் கிட்டத்தட்ட சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. தொடையில் அனல் அடிக்கும். இதற்காகவே, பைக் நிற்கும்போது பின் சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வசதியை வி4 மாடல்களில் கொடுத்திருக்கிறார்கள்.

டிஸ்ப்ளேயில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டினால் பயப்பட வேண்டாம். கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் அந்த அளவில் கொதிக்காது, ஃபேன் ஓடத் தொடங்கும். ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். கூலன்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு தட்டாமல் கொஞ்சம் சாய்வாக ஏறுங்கள். இந்த பைக்கை ஆபீஸ் போகும் வண்டியாக வைத்துக்கொள்ளாமல், அதற்கு ஒரு சாதாரண ஸ்கூட்டரை வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

80 கிலோமீட்டர் என்கிறது சட்டம்

நான்கு வழிச் சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 200 குதிரைத்திறனைத் தாண்டிய பனிகாலே வி4, முதல் கியரிலேயே 100-ஐத் தாண்டிவிடும். அதாவது, ஆறு கியர் உள்ள அந்த பைக்கில் முதல் கியரின் முழு பலத்தைக்கூட நம் சாலையில் சட்டப்படி பயன்படுத்த முடியாது.

மத்திய அரசின் 2022-ம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையைப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். மாநிலங்களிலேயே அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில், 64,105. உயிரிழப்பு 17,884. உயிரிழப்புகளில் பத்தில் ஏழுக்குக் காரணமாகப் பதிவானது அதிவேகம்.

சிங்கப்பெருமாள் கோவில்-ஒரகடம் சாலை அகலமாகத்தான் இருக்கிறது. காலியாகத் தெரியும்போது கை முறுக்கத் துடிக்கும். ஆனால் சர்வீஸ் ரோட்டிலிருந்து கன்டெய்னர் லாரி எப்போது ஏறும், நடுவில் உள்ள இடைவெளியில் டி.வி.எஸ் எக்ஸெல் எப்போது திரும்பும், நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஒருவர் எப்போது சாலையைக் கடப்பார் என்று யாருக்கும் தெரியாது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் 40 மீட்டருக்கு மேல் கடந்துவிடுவீர்கள். எதிரில் வருபவருக்கு உங்கள் வேகத்தைக் கணிக்கவே அவகாசம் இருக்காது.

2023-ல் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் அருகே வீலிங் செய்து விழுந்த ஒரு யூடியூபரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது நினைவிருக்கும். சத்தத்துக்காக சைலன்ஸரை மாற்றுவதும் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

வேகத்துக்கு ஓர் இடம் இருக்கிறது!

அப்படியென்றால் ஆறு கியர் எதற்கு? பதில் இதே வழித்தடத்தின் மறுமுனையில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில்.

சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே சொந்தமாக ரேஸ் டிராக் திறந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது. தவறி விழுந்தாலும் சறுக்கிப் போக ஓரத்தில் இடம் உண்டு. கொடி காட்டி எச்சரிக்க மார்ஷல்களும், ஆம்புலன்ஸும் இருப்பார்கள். சொந்த பைக் ஓட்ட அனுமதிக்கும் 'டிராக் டே' நாள்களும், பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலின் இந்திய வகுப்புகளும் இங்கே நடந்திருக்கின்றன.

டிராக்குக்குப் போகும் முன் லெதர் சூட், முழு ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ் கட்டாயம். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளில் டேப் ஒட்ட வேண்டும். பிரேக் பேடு, டயர், செயின் மூன்றையும் முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் டிராக்கில் செல்லுமா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் ரேஸுக்கும் வேகப் பரிசோதனைக்கும் இழப்பீடு கிடையாது.

இந்த டிராக்கில் தேசியப் போட்டிகளில் ஓடிப் பழகிய சென்னைப் பையன்தான் சரத்குமார். 2011-ல் உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் 125 சிசி பிரிவில், அந்தப் போட்டிக்குப் போன முதல் இந்தியர் என்ற பெயரோடு களம் இறங்கினார். அவர் ஓட்டியது இத்தாலியின் அப்ரில்லா. வாலன்டினோ ராஸி 1997-ல் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் அதே அப்ரில்லாவின் 125 சிசி பைக்கில்தான். வேகத்தில் பெயர் வாங்க ஆசை இருந்தால் அதற்கான வழி இதுதான். நெடுஞ்சாலை அல்ல.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

சர்வீஸ் புத்தகத்தில் தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இரண்டு சாவிகளும் உள்ளனவா, ஆர்.சி-யில் உள்ள இன்ஜின், சேஸி எண்கள் பைக்கில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கிக்கான என்.ஓ.சி உண்டா என்று பாருங்கள். இறக்குமதி பைக் என்றால் சுங்க ஆவணத்தைக் கேளுங்கள். ஹேண்டில் பார் முனை, ஃபுட் பெக், லீவர் முனைகளில் உராய்வு இருந்தால் பைக் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் முக்கியம். பெனெல்லி 1911-ல் இத்தாலியின் பெசாரோவில் பிறந்த பிராண்டு. 2005 முதல் சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்தியாவில் அதை விற்கும் பொறுப்பு 2018-ல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறியது. பிராண்டின் பெயர் அப்படியே இருந்தாலும், சர்வீஸ் செய்து தருபவர் மாறலாம். பைக் பிடித்திருக்கிறதா என்பதற்கு முன், உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்று பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

மகனோ மகளோ கணவரோ இந்த ஆசையோடு வந்து நின்றால், 'கூடவே கூடாது' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டுக்குத் தெரியாமல் நண்பர் பைக்கை ஓட்டிப் பார்ப்பதில்தான் ஆபத்து அதிகம். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ், பூட்ஸுக்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா? முதலில் சின்ன பைக்கில் பயிற்சி வகுப்புக்குப் போகத் தயாரா? ஞாயிற்றுக்கிழமை எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவாய்?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், அது விளையாட்டு ஆசை இல்லை என்று புரிந்துகொள்ளலாம். பதில் வரவில்லை என்றால் ஓராண்டு காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த ஓராண்டுக்குள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரேஸைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வாருங்கள். வேகம் என்றால் என்ன, அதற்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்பது, நீங்கள் எதுவும் சொல்லாமலே அவர்களுக்குப் புரியும்.